ஆட்கள் தேவை: கவுன்சிலர்

எங்கள் தெருவில் ஒரு பக்கம் தறி ஓடும், மறுபக்கம் தையல் மெஷின் ஓடும். மங்கலம் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே இரண்டு சத்தமும் சேர்ந்து காதில் விழும். நான் குடியிருப்பது தறிப் பக்கம். எதிர்ப்பக்கத்துப் பனியன் கம்பெனியில் துணியோரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். வேலைக்குப் போவதென்றால் தெருவைக் கடப்பது, அவ்வளவுதான். அவசரத்தில் செருப்புப் போடாமலே போய் உட்கார்ந்த நாட்களும் உண்டு.

எங்கள் நகராட்சியில் அப்போது கவுன்சிலர் என்று யாரும் இல்லை. பழைய மன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. தேர்தல் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து ஒரு தனி அலுவலரை நியமித்திருந்தார்கள். அவர் நல்லவரா இல்லையா என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் அவரைப் பார்த்ததே கிடையாது. என்னைப்போலவே தெருவில் யாரும் பார்த்ததில்லை.

குழாயில் தண்ணீர் வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஒரு தடவை நானும் என் தோழியும் அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

"கவுன்சிலரே இல்லீங்களே?" என்றாள் என் தோழி.

"அப்ப எலெக்சன் வரட்டுமுங்க."

"எலெக்சன் எப்பங்க வரும்?"

"அதைக் கவுன்சிலர் வந்தாத்தானுங்க கேக்கோணும்" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே விளங்காமல் அவரும் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். வெளியே வந்த பிறகுதான் கோபம் வந்தது.

என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து முடித்த பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. என்னைவிடச் சின்னவள், அதனால் என்னை அக்கா என்பாள். இந்த இடம் ஊராக ஆவதற்கு முன், எல்லாம் தோட்டமும் காடுமாக இருந்த காலத்திலிருந்தே அவள் குடும்பம் இங்கேதான் இருக்கிறது. அவள் அம்மா தோட்டங்களில் பருத்தி எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து தெருவின் குறைகளை வரிசையாகப் பேசுவாள். வாய் அதிகம். ஆனால் அந்த வாயில் ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை.

ஒருவழியாகத் தேர்தல் அறிவிப்பு வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. டீ இடைவேளையில் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, நான் நிக்கட்டா?" என்று கேட்டாள்.

"எங்க நிக்கற?"

"எலெக்சன்லக்கா."

செக்கிங் மேசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் ஓவென்று கத்தினார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்து எந்த மெஷினில் யார் விரலில் ஊசி ஏறியது என்று பார்த்தார்.

அவளுக்கு எதிராக நின்றவர் எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண்மணி. பெரிய தறிக்குடோன் வைத்திருக்கும் குடும்பம். நாங்கள் தறிக்கார அம்மணி என்போம். அவர் வீட்டுக்காரர் ஆளும் கட்சியில் உள்ளூர்ப் பிரமுகர். எல்லா இடத்திலும் நடப்பதுபோல, பெண்கள் வார்டு ஆனதும் அவர் தன் மனைவியின் பெயரைக் கொடுத்துவிட்டார். அம்மணியின் முகம் போட்ட சுவரொட்டியில் அவர் முகம் அம்மணியின் முகத்தைவிடப் பெரியதாக இருந்தது.

நாங்கள் வீடு வீடாகப் போனோம். அந்த இரண்டு வாரமும் திருவிழா மாதிரி இருந்தது. என் தோழி பேசினால் ஜனம் நின்று கேட்டது. அவளுக்குச் சாதகமாகத் தெரு திரும்புகிறது என்பது எங்களுக்கே தெரிய ஆரம்பித்த நேரத்தில்தான் அந்த உத்தரவு வந்தது. தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. வார்டுகளின் எல்லையை மாற்றியமைக்கப் போகிறார்கள். காரணம் ஒரே வரி: நிர்வாக வசதிக்காக.

புதிய வரைபடத்தை நகராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். யாரோ அதை போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கள் தெருவின் சரியாக நடுவில் ஒரு கோடு ஓடியது. தறிப் பக்கம் ஒரு வார்டு. பனியன் பக்கம் இன்னொரு வார்டு, அதுவும் ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற, நாங்கள் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாத ஒரு பகுதியோடு சேர்த்து. நான் தூங்குவது ஒரு வார்டில், தைப்பது இன்னொரு வார்டில் என்று ஆயிற்று. என் தோழி பனியன் பக்கம். அவளுக்கு ஓட்டுப் போட நினைத்தவர்களில் பாதிப்பேர் தறிப் பக்கம்.

"நம்ம ஊரு எலெக்சனு. நம்ம தெரு. கோடு மட்டும் அவங்க போடுவாங்களா?" என்று அவள் கேட்டாள். கோபமாக அல்ல, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவள் பேசவே இல்லை. செக்கிங் மேசை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த அமைதியைப் பொறுக்காதவர் எங்கள் கட்டிங் மாஸ்டர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து அவர் பிள்ளைகளெல்லாம் எங்களைப்போல 'ங்க' போட்டுப் பேசுகிறார்கள், அவர் மட்டும் மாறவே இல்லை. ஒரு நாள் டீ இடைவேளையில் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் மேசைக்கு வந்தார்.

"ஏ பிள்ள, என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? அவங்க எலெக்சன் நடத்தலைன்னா நம்ம நடத்துவோம்."

"நம்ம எப்பிடிங்க மாஸ்டர் நடத்தறது?"

"எப்பிடியா? ஒரு மேசை வேணும், ஒரு பெட்டி வேணும், நிக்க ரெண்டு பேரு வேணும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சும்மாதான இருக்கோம்?"

"அது செல்லுமாங்க?"

"செல்லாது. செல்லாட்டி என்ன? தெருவுல யாருக்கு யாரு வேணும்னு தெரியும்லா. அத வச்சுப் பேசுவோம்."

என் தோழி மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "ரெண்டு பேரு நிக்கோணும்னீங்க. நான் ஒருத்தி. இன்னொருத்தரு?" என்றாள்.

எல்லாருக்கும் பதில் தெரியும்.

அன்று வேலை முடிந்ததும் அவளும் நானும் தறிக்கார அம்மணியின் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவளுடைய நடை தானாகவே மெதுவானதை நான் கவனித்தேன். அவள் அம்மா பருத்தி எடுத்தது இந்தக் குடும்பத்துத் தோட்டத்தில்தான். அப்போதெல்லாம் அவர் இந்த வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை, பின்பக்கத்தோடு போய்விடுவார். இவளும் இதுவரை வந்ததில்லை. தேர்தலுக்கு வீடு வீடாகப் போனபோதுகூட இந்த ஒரு வீட்டை விட்டுவிட்டோம்.

அம்மணி கதவைத் திறந்தார். இவளைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். பிறகு, "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். அவரே போய்க் காப்பி கொண்டுவந்தார். மூன்று டம்ளரும் ஒரே மாதிரி. தானும் எங்களோடு உட்கார்ந்து குடித்தார். என் தோழி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க நின்னாத்தானுங்க அது எலெக்சனு. நான் மட்டும் நின்னா அது கூத்துங்க" என்றாள்.

அம்மணி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்கூட்டுக்காரரு எம்பேரைக் குடுக்கையில என்னையக் கேக்கலீங்க" என்று மெதுவாக ஆரம்பித்தார். "பொறகு எலெக்சன நிறுத்தையிலயும் என்னையக் கேக்கலை. ஆனா அந்த ரெண்டு வாரமும் ஊடு ஊடாப் போயி ஓட்டுக் கேட்டம் பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துது. கலியாணமாகி வந்து இத்தன வருசத்துல இந்தத் தெருவுல நான் பாதி ஊட்டுக்குள்ள போனதில்லீங்க. அப்பத்தான் போனேன்."

"அப்ப நிக்கறீங்களா?"

"நிக்கறனுங்க. அவருகிட்ட ஞாயித்துக்கிழம சொல்லிக்கலாம்."

வெளியே வந்து நாலு வீடு தாண்டும் வரை என் தோழி விறுவிறுவென்று நடந்தாள். தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தெருவில் போனவர்கள் எங்களுக்கு ஏதோ போனஸ் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஏற்பாடுகளில் பெரிய தகராறு நிறத்தில் வந்தது. சீட்டுக்குப் பதில் துணித்துண்டு என்று முடிவாகியிருந்தது. ஆளுக்கு ஒரு நிறம். கட்டிங் முடிந்து மிஞ்சும் துண்டுகள்தான் கம்பெனியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றனவே. ஆனால் எந்த நிறத்தை எடுத்தாலும் அது யாரோ ஒருவரின் கொடியில் இருந்தது. சிவப்பு ஆகாது, கறுப்பு ஆகாது. பச்சை, நீலம், காவி, மஞ்சள், வெள்ளை எதுவும் ஆகாது. கடைசியில் கட்டிங் மாஸ்டர் ஒரு ஐரோப்பிய ஆர்டரின் மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டினார். ஒன்று பீச் என்கிறார்கள், ஆரஞ்சில் பால் ஊற்றிய மாதிரி ஒரு நிறம். இன்னொன்று புதினாச் சட்னியில் தயிர் அதிகமாகிவிட்ட மாதிரி ஒரு நிறம். "இந்த ரெண்டையும் இந்தியாவுல ஒரு கட்சியும் தொடாது" என்றார். பீச் என் தோழிக்கு, புதினா அம்மணிக்கு.

ஒருவரே இரண்டு தடவை போடாமலிருக்க விரலில் மை வேண்டும். பக்கத்துப் பிரிண்டிங் பட்டறையில் பனியனில் படம் அடிக்கும் சாயம் கொடுத்தார்கள், நல்ல ஊதா. துணியில் பட்டால் ஆயுசுக்கும் போகாது, நகத்தில் பட்டால் ஒரு வாரமாவது இருக்கும் என்றார்கள்.

யார் யார் ஓட்டுப் போடலாம் என்பதில் இன்னொரு தகராறு. எங்கள் தெருவில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில் கிடையாது. "இல்லாதவங்க எப்பிடிப் போடறது, அப்பறம் நாளைக்கு ஆராச்சும் கேட்டா?" என்று சிலர் தயங்கினார்கள். அப்போது எனக்கு அடுத்த மெஷினில் இருக்கும் ஒடிசாப் பெண், தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, தண்ணி வரல. நமக்கும் வரல இல்ல?" என்றாள். தெருவில் குடியிருக்கிற எல்லாருக்கும் ஓட்டு என்று முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவின் நடுவே சாமியானா போட்டோம். மேசையை எங்கே போடுவது என்று கேட்டதற்கு மாஸ்டர், வரைபடத்தில் கோடு போகும் இடத்திலேயே போடச் சொன்னார். போட்டோம். அட்டைப்பெட்டியில் ஒரு ஓட்டை. ஒரு துணி ரோலைக் கட்டித் தொங்கவிட்டு மறைப்பு. உள்ளே இரண்டு நிறத் துண்டுகள் குவியலாக இருக்கும். வேண்டியதை உள்ளங்கையில் மூடி எடுத்துவந்து பெட்டியில் போட வேண்டும்.

முதல் ஆளாகத் தெருக்கோடி டீக்கடைக்காரர் போட்டார். வரிசை சேர ஆரம்பித்த சமயத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். இளவயதுக்காரர், தாராபுரத்திலிருந்து மாறுதலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாமியானாவில் நாங்கள் கட்டியிருந்த 'வார்டு தேர்தல்' என்ற துணியைப் படித்தார்.

"யாருங்க இதுக்குப் பர்மிசன் குடுத்தது? தேர்தல்னு எழுதியிருக்கீங்க. தேர்தல நடத்தறதுக்கு ஆணையம் இருக்குது, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க" என்றாள் என் தோழி. "அவங்க நடத்தறாங்கன்னா நாங்க ஏனுங்க வெயில்ல நிக்கறோம்?"

"அந்த வார்த்தைய எடுங்க மொதல்ல. தேர்தல்ங்கற வார்த்தை இருக்கக் கூடாது."

கட்டிங் மாஸ்டர் கம்பெனிக்குப் போனார். கேட்டில் எப்போதும் தொங்கும் பலகையைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இந்த ஊரில் எந்தக் கம்பெனி கேட்டிலும் தொங்குகிற பலகைதான் அது. ஆட்கள் தேவை என்று மேலே எழுதி, கீழே டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று போட்டிருக்கும். கீழே இருந்ததையெல்லாம் சாக்குத்துணியால் மறைத்துவிட்டு, சாக்பீஸால் கவுன்சிலர் என்று எழுதி, துணி இருந்த இடத்தில் மாட்டினார்.

"ஆளெடுப்பு சார்" என்றார். "கம்பெனிக்கு ஆளெடுக்கப் பர்மிசன் வேண்டாம்லா?"

எஸ்.ஐ. பலகையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு வயதானவர், "வெயிலு ஏறுதுங்க சாமி, சட்டுனு சொல்லிப்போடுங்க" என்றார். எஸ்.ஐ. கொஞ்சம் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். "இத எந்த செக்சன்ல சார் போடறது?" என்று அவர் கேட்பது எங்களுக்குக் கேட்டது. மறுமுனையில் என்ன சொன்னார்களோ, திரும்பி வந்து, "எந்த வார்டு எல்லையில மேசை போட்டிருக்கீங்க?" என்றார்.

"ரெண்டு காலு அந்த வார்டுலீங்க, ரெண்டு காலு இந்த வார்டுல" என்றேன் நான். அவரிடம் நான் பேசியது அது ஒன்றுதான்.

அவர் சிரிப்பை அடக்குவதற்காகத் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "மைக்கு கூடாது. ரோட்ட மறிக்கக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக்கோணும்" என்று சொல்லிவிட்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மதியம் வரைக்கும் அங்கேதான் இருந்தார். கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு கான்ஸ்டபிளையும் நிறுத்தினார். அதனால் எங்கள் தேர்தலுக்குப் போலீஸ் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது.

நாங்கள் பயந்தது வேறொருவருக்கு. அவரும் வந்தார். தறிக்கார அம்மணியின் வீட்டுக்காரர், வெள்ளை வேட்டி சட்டையில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு நேராக மேசைக்கு வந்தார். அம்மணி தண்ணீர்ப் பந்தலில் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, ஊட்டுக்குப் போலாம் வா" என்றார் அவர். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அம்மணி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "நான் இன்னும் ஓட்டுப் போடலீங்க. போட்டுட்டு வர்றேன்."

"மேல இருந்து போனு மேல போனு. நான் என்ன பதில் சொல்றது?"

"ஊட்டுல சொன்னாக் கேக்க மாட்டீங்கறான்னு சொல்லிப்போடுங்க. அது நெசந்தானுங்க." பிறகு ஒரு டம்ளர் மோரை அவரிடம் நீட்டினார். "வந்தது வந்துட்டீங்க. நீங்களும் ஒரு ஓட்டுப் போட்டுட்டுப் போங்க. இந்தத் தெருவுலதான குடியிருக்கறீங்க?"

அவர் மோரை வாங்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். அம்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றினார். அதில் கொஞ்சம் டம்ளருக்கு வெளியே சிந்தியதை நான் பார்த்தேன். என் தோழியும் பார்த்திருக்க வேண்டும். போய் அவர் பக்கத்தில் நின்று, சொம்பை வாங்கித் தான் ஊற்ற ஆரம்பித்தாள். அன்று பிற்பகல் முழுக்க இரண்டு வேட்பாளர்களும் ஒரே பந்தலில் மோர் ஊற்றினார்கள்.

பெட்டியை மூடப் போகிற நேரத்தில் அந்தக் கார் மறுபடியும் வந்தது. அவர் இறங்கினார். யாரையும் பார்க்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு பீகார்ப் பையனும் அவன் தங்கையும் நின்றார்கள். தன் முறை வந்ததும் மறைப்புக்குப் பின்னால் போய், மூடிய கையோடு வந்து, பெட்டியில் போட்டுவிட்டு, விரலை நீட்டினார். மை வைத்தது நான்தான். நான் வைத்த வேகத்தில் நகத்தைத் தாண்டிப் பாதி விரலுக்கு ஊதா ஆகிவிட்டது. அவர் எந்த நிறத்தைப் போட்டார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அம்மணிக்கே தெரியாது.

துண்டுகளை மேசையில் கொட்டி எண்ணினோம். பீச் ஒரு பக்கம், புதினா ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு யாரோ ஒருவர் உள்ளே போட்டிருந்தார். அதைச் செல்லாத ஓட்டு என்று தனியே வைத்தோம். கடைசிவரை இழுபறி. ஒரு கைப்பிடித் துண்டு வித்தியாசத்தில் புதினா ஜெயித்தது.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. என் தோழி முதலில் கைதட்டினாள். போய் அம்மணியின் கையைப் பிடித்து, "சரிங்க, இனிமே தண்ணி வரலைன்னா உங்கூட்டுக் கதவத்தான் தட்டுவேன்" என்றாள்.

"தட்டுங்க. நான் எங்க போயிரப் போறேன்" என்றார் அம்மணி.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் என்னிடம், "எங்கம்மா ஓட்டே அவங்களுக்குத்தான் உளுந்திருக்குங்கக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை. நான் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் ஊதா நகங்கள் ஊர் முழுக்கத் திரிந்தன. பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் கண்ட இடத்தில் ஜனம் விரலைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தது. வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த எங்கள் தெருக்காரர் ஒருவர், பந்தியில் முக்கால்வாசி நேரம் இந்தக் கதையைச் சொல்வதிலேயே போய்விட்டது, பாயசம் சாப்பிட முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோடு விழுந்த இன்னொரு தெருவில் மேசை போட்டார்கள். அதற்கடுத்த வாரம் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும். எல்லா இடத்திலும் ஆட்கள் தேவை பலகையைத்தான் மாட்டினார்கள். பிரிண்டிங் பட்டறைக்காரர் சாயம் கொடுத்துக் கொடுத்து ஊதாவே தீர்ந்துபோய், பிறகு ஆரஞ்சு கொடுத்தார்.

அம்மணி அந்தப் பதவியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் குளித்துச் சாமி கும்பிட்டு முடித்ததும் நகராட்சிக்குப் போன் போடுவார். "நான் கவுன்சிலர் பேசறனுங்க" என்பார். "எந்தக் கவுன்சிலருங்க?" என்று கேட்டால், "இப்போதைக்கு ஊருக்கு இருக்கறது நான் ஒருத்திதானுங்க" என்பார். முதலில் போனை வைத்துவிட்டார்கள். பிறகு பதில் சொன்னார்கள். ஒரு கட்டத்தில், நாளைக்குத் தண்ணீர் எப்போது என்று அவர்களே கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். குழாயடியில் காத்திருக்கிற வேலை குறைந்தது.

வார்டு எல்லை பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு நாள் வைத்தார்கள். வழக்கமாக அதற்கு நாலு பேர் போவார்கள் என்று கேள்வி. அன்று மண்டபத்தில் இடமில்லாமல் வெளியே மரத்தடியெல்லாம் கூட்டம். எங்கள் தெருவின் முறை வந்ததும் அம்மணி எழுந்தார். அதிகாரிகளைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "நீங்க சொல்லுங்க" என்று என் தோழியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் எழுந்தாள். நீளமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. "சார், நீங்க ஒருக்கா எங்க தெருவுக்கு வாங்க. வந்து நடுவுல நில்லுங்க. நின்னு பாத்துட்டு, இது ரெண்டு தெருன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா கோட்ட அப்பிடியே விட்டுப்போடுங்க" என்றாள்.

அவர்களில் மூத்த அதிகாரி, மூக்குக்கண்ணாடிக்காரர், நிஜமாகவே வந்தார். தெரு நடுவில் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். அதே நேரம் பார்த்துக் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. நாங்கள் அத்தனை பேரும் வெளியே வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வீடுகளுக்குச் சாப்பிடப் போனோம். அது யாரும் ஏற்பாடு செய்ததில்லை, தினமும் நடப்பதுதான். அவர் வழிவிட்டுக்கொண்டே நின்றார். "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுதி வரைபடம் வந்தபோது கோடு எங்கள் தெருவை விட்டுப் பின்னால் இருந்த சாக்கடைக் கால்வாய்க்குப் போயிருந்தது. எல்லாத் தெருவுக்கும் அப்படி நடக்கவில்லை. எங்களைப்போலவே நடுவில் கோடு விழுந்த கோயில் வீதிக்காரர்கள் இன்றைக்கும் இரண்டு வார்டாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் அதற்காக இன்னும் நகராட்சிக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள், கூப்பிடும்போது நாங்களும் போகிறோம்.

அசல் தேர்தல் வருவதற்கு அடுத்த கோடை ஆகிவிட்டது. வார்டு பெண்களுக்கென்றே இருந்தது. அம்மணிக்குக் கட்சி சீட்டுத் தரவில்லை. வேறு தெருப் பெண் ஒருவரை நிறுத்தினார்கள். சுயேச்சையாக நில்லுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று என் தோழியே போய்ச் சொன்னாள்.

"ஐயோ சாமி, போதுமுங்க" என்றார் அம்மணி. "போனப் புடிச்சுப் புடிச்சுக் காதெல்லாம் நோவுது. நீங்க நில்லுங்க. நான் கூட வர்றேன்."

வந்தார். அவர் வீட்டுக்காரர் கட்சி வேட்பாளருக்காகத் தெருவின் ஒரு முனையிலிருந்து கும்பிட்டுக்கொண்டே வருவார். அம்மணி என் தோழிக்காக மறுமுனையிலிருந்து வருவார். நடுவில் சந்திக்கும்போது, "மதியத்துக்குக் கொழம்பு வெச்சிருக்குது, நேரத்துக்குப் போயிச் சாப்பிட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவரும் தலையாட்டுவார். தெருவே வேடிக்கை பார்த்தது.

என் தோழி ஜெயித்தாள். இந்தத் தடவை கைப்பிடி வித்தியாசமில்லை, நல்ல வித்தியாசம். அவள் அம்மா இந்த முறை மகளுக்குத்தான் போட்டதாகச் சர்ச்சில் எல்லாரிடமும் சொன்னார்.

பதவியேற்ற அன்று ஒரு ஷிப்மென்ட் அவசரம். அவள் காலையில் வந்து கொஞ்சம் பீஸ் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். புடவை முழுக்கப் பஞ்சு. அம்மணியும் நானும் ஆட்டோவில் போகும்போது ஆளுக்கொரு பக்கமாக அதைத் தட்டிவிட்டுக்கொண்டே போனோம். மன்றக் கூட்டம் முடியும்வரை இரண்டு பேரும் வெளியே மர நிழலில் காத்திருந்தோம்.

அவள் வெளியே வந்ததும் அம்மணி ஓடிப் போய், "என்னங்க பேசுனீங்க?" என்றார்.

"தண்ணியப் பத்திப் பேசுனனுங்க. குறிச்சுக்கிட்டாங்க. பொறகு கோயில் வீதியப் பத்தி ஆரம்பிச்சேன், அடுத்த கூட்டத்துல பேசலாம்னுட்டாங்க. அடுத்த கூட்டத்துலயும் பேசுவேன்" என்றாள். பிறகு இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, "ஆனா உள்ள ஏசி என்ன குளிருங்க! பல்லெல்லாம் அடிச்சுக்குது. வாங்க, சூடா ஏதாச்சும் சாப்பிடலாம்" என்றாள்.

எதிரே இருந்த கடையில் மூன்று பேரும் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு போன் வந்துவிட்டது. ஒன்று தெருவிளக்கு எரியவில்லை என்று. இன்னொன்று எங்கள் சூப்பர்வைசர், பாக்கி பீஸை எப்போது வந்து பார்ப்பாய் என்று.